சொல்லிக்கொண்டு புறப்படுதல்

காசிக்கும் இராமேசுவரத்துக்கும் மாதக்கணக்கில் நடந்து சென்று வந்த காலத்தில், யாத்திரை செல்வோர் யாரிடமும் சொல்லாமல் வீட்டு வாயிலைத் தாண்டியதில்லை. குலதெய்வத்தின் சந்நிதியில் சொன்னார்கள். மூத்தோரை வணங்கிச் சொன்னார்கள். கொடுக்கல் வாங்கல் இருந்தவர்களிடம் கணக்கை முடித்துச் சொன்னார்கள். அண்டை வீட்டாரிடம் ‘போய் வருகிறோம்’ என்றார்கள். ‘சொல்லிக்கொண்டு புறப்படுதல்’ என்று தமிழில் வழங்குவது இதைத்தான். சொல்லிவிட்டவர்களின் மனத்தில் சுமை இல்லை. வழியில் ஏதேனும் நேர்ந்தால் உதவ வேண்டியவர்களுக்கும் விவரம் தெரிந்திருந்தது.

இன்று முதியோர் மேற்கொள்ளும் நெடும்பயணம் வேறு திசையில் அமைந்துவிட்டது. ஊரப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளில், பணி ஓய்வு பெற்ற பெற்றோர் பலரின் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ, துபாயிலோ, லண்டனிலோ, அமெரிக்காவிலோ வாழ்கிறார்கள். மகளின் பிரசவத்துக்கும் பேரனின் ஆண்டு நிறைவுக்கும் எழுபது வயதைக் கடந்தவர்கள் கடல் தாண்டிச் செல்கிறார்கள். பெரும்பாலும் துணைக்கு ஒருவரும் இல்லாமலேயே செல்கிறார்கள்.

அத்தகைய பயணங்களில் நேரும் துன்பங்களை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சைவ உணவு கிடைக்காமல் பதினைந்து மணி நேரம் பட்டினி கிடப்பது, நெடுந்தூரம் நடக்க முடியாமல் விமானத்தைத் தவறவிடுவது, ஆசையோடு கொண்டு சென்ற பிரசாதம் சுங்கச் சாவடியில் குப்பைத் தொட்டிக்குப் போவது, அதற்கு மேல் அபராதமும் கட்டுவது ஆகியவற்றில் பெரும்பாலானவை, சொல்ல வேண்டியதை உரிய இடத்தில் உரிய நேரத்தில் சொல்லாததால் வருபவை. கூச்சத்தால் சிலவற்றைச் சொல்வதில்லை; அச்சத்தால் சிலவற்றைச் சொல்வதில்லை; சொல்ல வேண்டும் என்பதே தெரியாமல் சிலவற்றைச் சொல்வதில்லை. பழைய யாத்திரிகர்களின் வழக்கமே விமானப் பயணத்துக்கும் நல்ல வழிகாட்டி.

பெயரைச் சொல்லும் முறை

தமிழர்களுக்கு முதல் இடையூறு அவரவர் பெயரிலேயே தொடங்குகிறது. தந்தை அல்லது கணவரின் பெயரை இனிஷியலாக மட்டும் வைத்துக்கொள்வது தமிழ் மரபு. உலக நாடுகளின் படிவங்களோ இயற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்கின்றன. பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் அச்சிடப்பட்டுள்ளதோ அதே வரிசையில், அதே எழுத்துகளில், பயணச்சீட்டிலும் விசாவிலும் இருக்க வேண்டும். ஓய்வூதியப் புத்தகத்திலும் ஆதார் அட்டையிலும் உள்ள பெயர் இங்குக் கணக்கில் வராது.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, வருகை விசாக்களில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பின்னர் விளக்கம் வந்தது. இத்தகையோர் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதமேனும் இருக்க வேண்டும் எனப் பல நாடுகள் விதித்துள்ளன. இடையில் விமானம் மாற வேண்டிய நாட்டுக்குத் தனி விசா தேவையா என்பதையும் கேட்டறிய வேண்டும். சிங்கப்பூர் செல்வோர், அங்கு இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இடைத்தரகர்களை விலக்க வேண்டும்.

விமான நிறுவனத்திடம் இரண்டு சொற்கள்

முதலாவது, உணவு. பயணச்சீட்டு எடுக்கும்போது வரும் சிறப்பு உணவுப் பட்டியலில் ‘இந்து உணவு’ என்று ஒன்று இருக்கும். பக்தியுள்ள குடும்பங்கள் பெயரைப் பார்த்ததும் அதையே தேர்ந்தெடுத்துவிடுகின்றன. விமானத் துறையின் வழக்கில் அந்தப் பெயருக்கு, மாட்டிறைச்சி சேர்க்காத உணவு என்பதே பொருள். கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ அதில் இருக்கக் கூடும். வாழ்நாள் முழுவதும் மரக்கறி உணவே உண்டவர்கள் மூடியைத் திறந்ததும் திகைத்துப் போவது இதனால்தான். அவர்கள் கேட்க வேண்டியது ‘ஆசிய சைவ உணவு’. வெங்காயமும் பூண்டும் விலக்குவோர் ‘ஜெயின் உணவு’ என்று கேட்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பே இதைத் தெரிவிக்கச் சொல்கின்றன. விமானம் மாறிச் செல்வோர் இரண்டு விமானங்களுக்கும் உணவு பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பிறகும், எண்ணெயும் நீர்ப்பதமும் அதிகம் இல்லாத சப்பாத்தி, அவல் பொரி, கடலை உருண்டை போன்றவற்றைச் சிறு பொட்டலமாகக் கைப்பையில் வைத்துக்கொள்வது நன்று. மிஞ்சியதை இறங்குவதற்கு முன் விமானப் பணியாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, சக்கர நாற்காலி. ‘நடமாட்டம் உள்ளபோது நாற்காலியில் உட்கார்ந்து போவதா?’ என்று தயங்கும் முதியோர் பலர். கோயில் பிராகாரத்தை மூன்று முறை வலம் வர முடிகிறவருக்கும், பெரிய அயல்நாட்டு விமான நிலையத்தில் ஒரு முனையத்திலிருந்து மற்றொன்றுக்குக் குறுகிய நேரத்தில் செல்வது கடினம். நடையைவிட, அறிவிப்புப் பலகைகளைப் படித்து வழி கண்டுபிடிப்பதே அங்குப் பெரும்பாடு. நாற்காலியைத் தள்ளி வரும் பணியாளர் வழியும் காட்டுவார். குடிநுழைவு அதிகாரியிடமும் அழைத்துச் செல்வார். விமான நிறுவனங்கள் முதியோருக்கு இவ்வுதவியைப் பொதுவாகக் கட்டணமின்றியே செய்கின்றன.

இதை 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். உதவியில் மூன்று படிகள் உண்டு. நெடுந்தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏற முடியும் என்பது ஒன்று. படியும் ஏற முடியாது என்பது இரண்டாவது. இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்பது மூன்றாவது. தமக்கு எது பொருந்தும் என்பதை உள்ளபடி சொன்னால் அதற்கேற்ற ஏற்பாடு இருக்கும். உண்மையில் தேவைப்படாதவர்கள் கேட்டால், தேவைப்படும் மற்றொரு முதியவர் காத்திருக்க நேரும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதுபோல் இருக்காது. 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்கு அது சமம். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஊட்டிக்குச் சென்றால் மூச்சு வாங்கும் நிலையில் உள்ளவர், அதே நிலையில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும் என்பதை உணர்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்களும் பயணத்துக்கு உடல் தகுதி உண்டு என எழுத்து வடிவில் சான்று பெறுவது நல்லது.

மாத்திரைகளை டப்பாக்களில் கலந்து போடாமல், வாங்கிய அட்டைகளிலேயே மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். சீட்டில் மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். இன்சுலினை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கறையின் குளிரில் அது உறைந்து பயனற்றுப் போகக் கூடும். இந்தியாவில் எளிதாகக் கிடைக்கும் சில வலி மருந்துகளும் இருமல் மருந்துகளும் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. டிரமடால், கோடீன் போன்றவற்றை உட்கொள்வோர் அந்நாட்டின் முன் அனுமதி பெற்றே கொண்டு செல்ல வேண்டும்.

பயண மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, இரத்த அழுத்தம், பழைய இதய சிகிச்சை எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிவிட வேண்டும். தொகை கூடும் என்று மறைத்தால், அயல்நாட்டு மருத்துவமனையில் படுத்திருக்கும் வேளையில் காப்பீடு மறுக்கப்படும். அந்தச் சுமை பிள்ளைகளின் தலையில் விழும்.

பெட்டிக்குள் பூஜை அறை

பக்தர்களின் பெட்டியில் மற்றவர்களின் பெட்டியில் இல்லாத பொருள்கள் இருக்கும். அவற்றுள் சில விமான விதிகளோடு மோதுகின்றன.

கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள். அதைக் கைப்பையிலும் பெட்டியிலும் எடுத்துச் செல்லக் கூடாது. தீப்பெட்டியையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். கொப்பரையில் எண்ணெய்ச் சத்து மிகுதி. தானே சூடேறித் தீப்பிடிக்கும் இயல்பும் உண்டு. ஆகவே 2022 மார்ச் முதல் ஒப்படைக்கும் பெட்டிகளில் கொப்பரை தடை செய்யப்பட்டுள்ளது. முழுத் தேங்காயைக் கைப்பையில் பொதுவாக அனுமதிப்பதில்லை. சபரிமலை யாத்திரிகர்கள் இருமுடித் தேங்காயோடு பறக்க 2024 அக்டோபரில் தனி விலக்கு அறிவிக்கப்பட்டதும், அது 2025 ஜனவரி 20 வரை மட்டுமே என்று வரையறுக்கப்பட்டதும் இதனால்தான்.

நெய், நல்லெண்ணெய், தேன், ஊறுகாய், அரைத்த சந்தனம், தீர்த்தம் அனைத்தும் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கருதப்படும். கைப்பையில் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேற்படாத சிறு புட்டியில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுள்ள ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். மற்றவை கசியாதபடி கட்டப்பட்டுப் பெட்டிக்குள் செல்ல வேண்டும். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 2018 ஜூன் 30 முதல், கைப்பையில் 350 மில்லிக்கு மேற்பட்ட தூள் எதுவாயினும் தனிச் சோதனைக்கு உள்ளாகிறது. விபூதி, குங்குமம், மஞ்சள் தூள் ஆகியவற்றில் நெற்றிக்கு வேண்டிய சிறு சிமிழ் மட்டும் கையில் இருக்கட்டும். மீதியைப் பெயரெழுதிப் பெட்டியில் வைக்கலாம். தேங்காய் உடைக்கும் கத்தி, அரிவாள்மணை, கூர்மையான சிறு வேல் ஆகியவற்றுக்குக் கைப்பையில் இடமில்லை.

மந்திரங்களை ஓயாது ஒலிக்கும் சிறு பெட்டியைப் பலர் உடன் கொண்டு செல்வர். அதில் லித்தியம் மின்கலம் இருந்தால் கைப்பையில் வைப்பதே முறை. கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்க்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தால் பெட்டியையே திறந்து எடுத்துவிடுவார்கள்.

பிரசாதமும் அயல்நாட்டுச் சுங்கமும்

இறங்கும் நாட்டின் சட்டம் தனி. அங்கு உணவுப்பொருளும் தாவரப்பொருளும் பூச்சியையும் நோயையும் கொண்டுவந்துவிடுமோ என்பதே அதிகாரிகளின் கவலை.

மஞ்சள் கலந்த அட்சதை, ஆசி வழங்க எடுத்துச் செல்லப்படும் மங்கலப் பொருள். ஆனால் தானியங்களை அழிக்கும் கப்ரா வண்டுக்கு அஞ்சி, இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டு வருவதை அமெரிக்கா 2011 முதல் தடுத்துள்ளது. அட்சதையும் அரிசிதான். கறிவேப்பிலையும் வில்வமும் தாவர இயலில் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோய் பரவும் என்பதால் அக்குடும்பத்து இலைகளுக்கும் அங்கு அனுமதி இல்லை. பால்கோவா, பேடா போன்ற பால்பொருள்களைப் பயணிகள் இந்தியாவிலிருந்து கொண்டு வருவதைப் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் ஆஸ்திரேலியாவும் தடுத்துள்ளன. சமையலுக்குரிய கசகசாவை ஐக்கிய அரபு அமீரகமும் சிங்கப்பூரும் போதைப்பொருள் சட்டத்தின் கண்ணோடு பார்க்கின்றன; மசாலாப் பொடியில்கூட அது கலந்திருக்கக் கூடாது. வெற்றிலையும் அமீரகத்தில் தடைப்பட்ட பொருள். ஆகவே தாம்பூலத் தட்டு வீட்டிலேயே இருக்கட்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உருத்திராக்கம் விதை என்பதாலும், துளசி மணிமாலை மரம் என்பதாலும், அவற்றையும் படிவத்தில் குறிப்பிட வேண்டும்.

இவ்வளவு பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும். உணவுப்பொருள் உள்ளதா என்று படிவம் கேட்டால் ‘ஆம்’ என்று எழுத வேண்டும்; அதிகாரி கேட்டால் பையைத் திறந்து காட்ட வேண்டும். மறைக்காமல் சொன்னவரிடமிருந்து தடையுள்ள பொருளை எடுத்துக்கொண்டு, அபராதமின்றி அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் சென்றால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். அமெரிக்காவில் முதல் முறை பிடிபடுபவருக்கு வழக்கமாக 300 டாலர். ‘சாமி பிரசாதம்தானே’ என்ற எண்ணம் பக்தருக்கு இயல்பு. அதிகாரியின் கண்ணுக்கு அது அறிவிக்கப்படாத உணவு.

பிரசாதம் குப்பைக்குப் போவதைக் காண்பது முதியோருக்குப் பெரும் மனவேதனை. அதைத் தவிர்க்கும் வழி எளியது. கெட்டுப்போகக் கூடிய பிரசாதத்தை ஊரிலேயே உற்றாருக்குப் பகிர்ந்து, தாமும் உண்டுவிட்டுப் புறப்பட வேண்டும். விபூதி, குங்குமம், சுவாமி படம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கொண்டு சென்றால் போதும். அபிஷேகத்துக்கும் அர்ச்சனைக்கும் வேண்டிய பொருள்கள் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் லண்டனின் தமிழர் பகுதிகளிலும் அமெரிக்க நகரங்களின் இந்தியக் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கின்றன.

விக்கிரகங்களும் நகைகளும்

மாமல்லபுரம் அருகில் இருப்பதால், மகனின் புது வீட்டுக்கு ஒரு கல் விநாயகரை வாங்கிச் செல்லும் விருப்பம் இப்பகுதியினருக்கு எழுவது இயல்பு. 1957-இல் தொடங்கப்பட்ட சிற்பக் கல்லூரியும் புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பத் தொழிலும் அவ்வூருக்குப் பெருமை. வாங்கும்போது, புதிதாகச் செதுக்கியது என்ற குறிப்போடு, செய்த ஆண்டும் எழுதிய ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். ஒரு பெட்டியின் எடை எக்காரணத்தாலும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. பல சீட்டுகளில் 23 கிலோதான் வரம்பு. பெரிய சிலைகளைச் சிற்பக் கூடத்தின் வழியாகக் கப்பலில் அனுப்புவதே தக்கது.

பாட்டனார் பூஜித்த செப்பு விக்கிரகமும், கொள்ளுப்பாட்டியின் குத்துவிளக்கும், பரண்மேல் கிடந்த ஓலைச்சுவடியும் வேறு வகை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு நிறைந்த கலைப்பொருளும் எழுபத்தைந்து ஆண்டு நிறைந்த சுவடியும் தொல்பொருள் ஆகும். தனிமனிதர் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்ல முடியாது. பார்வைக்குப் பழமையாகத் தோன்றும் எந்த விக்கிரகத்துக்கும், அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெற வேண்டும். அத்துறையின் சென்னை அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ளது. சான்று இல்லாமல் விமான நிலையத்தில் நின்றால் பயணம் தடைப்படுவதோடு, குலத்தின் பூஜா மூர்த்தி வழக்குப் பொருளாகவும் ஆகிவிடும்.

நகைகளை வேண்டிய அளவு மட்டும் அணிவது நலம். மதிப்பு மிக்க நகைகளோடு செல்வோர், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பி வரும்போது ‘அங்கு வாங்கியதா?’ என்ற கேள்விக்கு விடை கையில் இருக்கும்.

‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய ஓரிடம்

புறப்படும் செய்தி தெரு முழுவதும் பரவியதும், ‘என் மகனும் அங்குதான் இருக்கிறான், இந்தச் சிறு பொட்டலத்தை மட்டும்’ என்று யாரேனும் வருவார்கள். முகம் சுளிக்க மனமில்லாமல் முதியோர் வாங்கிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. பெட்டி யாருடையதோ அவரே அதிலுள்ள எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி. ஒட்டி மூடிய பொட்டலம் எதையும் எவரிடமிருந்தும் வாங்கக் கூடாது. நெருங்கிய உறவினர் தருவதாயினும், திறந்து பார்த்துத் தம் கையால் அடுக்க வேண்டும். ‘எடை கூடிவிட்டது, மன்னிக்க வேண்டும்’ என்ற பணிவான மறுப்பு எந்த உறவையும் முறிக்காது.

புறப்படும் நாள்

ஊரப்பாக்கத்திலிருந்து விமான நிலையம் சுமார் 20 கிலோமீட்டர். பெட்டி குறைவாக இருந்தால் மின்சார ரயிலில் ஏறித் திரிசூலத்தில் இறங்கலாம். நிலையத்துக்கு எதிரே விமான நிலையம். பெரிய பெட்டிகளோடு முதியோர் செல்வதற்குக் கார்தான் ஏற்றது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், பொங்கல், தீபாவளி போன்ற விடுமுறை நாட்களையொட்டி ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசல் மிகுகிறது. விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்கும்படி, சாலைக்கும் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும். பன்னாட்டு விமானங்கள் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட இரண்டாம் முனையத்தில் இயங்குகின்றன. ஓட்டுநரிடம் முனைய எண்ணைச் சொல்லிவிட வேண்டும்.

போகும் வழியில் கோயிலுக்குள் நுழைந்து வரலாம் என்று திட்டமிடுவதால் பரபரப்பே மிஞ்சும். விமான நிலையத்தை நோக்கியபடி மலைகளுக்கிடையே அமைந்த சோழர் காலத் திருத்தலமான திரிசூலநாதர் கோயிலையோ, நந்திவரம் நந்தீசுவரர் கோயிலையோ, தம் குலதெய்வத்தையோ முதல் நாளே நிதானமாகத் தரிசித்துச் சொல்லிக்கொண்டு வருவது நிறைவைத் தரும்.

விமானம் புறப்படும் நேரம் பயணியின் விருப்பத்தில் இல்லை. இராகு காலத்தில் அமையவும் கூடும். இதற்குப் பெரியோர் ‘பரஸ்தானம்’ என்ற ஏற்பாட்டை வைத்துள்ளனர். நல்ல வேளையில் ஒரு பையை அடுத்த வீட்டிலோ கோயிலிலோ வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கொள்ளப்படும். பாஸ்போர்ட்டும் மருந்தும் உள்ள பையை மட்டும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவை எந்நேரமும் கையிலேயே இருக்க வேண்டும்.

பாதுகாப்புச் சோதனையில், முழங்காலில் உலோகம் பொருத்தியிருந்தாலும் இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலும் கருவியின் அருகே செல்லும் முன்பே காவலரிடம் சொல்ல வேண்டும். பெண்களைப் பெண் காவலரே திரை மறைவில் சோதிப்பார். திருமாங்கல்யத்தைப் பற்றிக் கூச்சப்பட வேண்டியதில்லை. தேவையானால் தனியிடத்தில் சோதிக்கும்படி கேட்கலாம்.

வானிலும் அதன் பின்னும்

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருப்போருக்குக் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் அபாயம் கூடுதல். மணிக்கு ஒரு முறை எழுந்து சிறிது நடப்பதும், உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவதும், நீர் அருந்துவதும் பாதுகாப்பு. கழிப்பறைக்கு அடிக்கடி எழ வேண்டுமே என்று நீரைக் குறைப்பது தவறு. அதற்காகவே நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பயண நாளில் ஏகாதசி வந்தால் மருத்துவர் சொற்படி உணவு கொள்ளட்டும். முதுமைக்கும் நோய்க்கும் விரதத்தில் சலுகை உண்டு.

அமெரிக்கா செல்வோர், அந்நாட்டில் முதலில் இறங்கும் நகரத்திலேயே பொதுவாகப் பெட்டிகளை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, அடுத்த விமானத்துக்கு மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். பிள்ளையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கைப்பேசியில் இருந்தால் போதாது. மின்கலம் தீர்ந்தாலும் உதவும்படி, அவற்றைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப் பையிலும் இடுப்புச் சுருக்குப் பையிலும் வைத்திருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த பின்னும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் அவ்வூர்க் கோயில் அர்ச்சகர். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் 1827-இல் தோன்றியது. நியூயார்க்கின் ஃபிளஷிங் விநாயகர் கோயில் குடமுழுக்குக் கண்டது 1977-இல். இத்தகைய ஆலயங்கள் அந்தந்த ஊருக்குரிய பஞ்சாங்கத்தையே பின்பற்றுகின்றன. திதி உலகெங்கும் ஒரே கணத்தில் தொடங்கினாலும் சூரிய உதயம் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் கோடையில் காலை 8 மணிக்கு ஏகாதசி தொடங்கினால், நியூயார்க்கில் அப்போது முதல் நாள் இரவு 10.30 மணி. ஆகவே அங்கு ஏகாதசி, சென்னை நாட்காட்டியில் காணும் தேதிக்கு ஒரு நாள் முன்பே வரக் கூடும். தாய் தந்தையரின் சிராத்தத் திதி பயணக் காலத்தில் வருமானால், ஊரிலிருந்து கொண்டு சென்ற நாட்காட்டியை நம்பாமல், திதியின் பெயரையும் பட்சத்தையும் மாதத்தையும் எழுதிக் கொண்டு சென்று அங்குள்ள அர்ச்சகரிடம் காட்டி நாளை உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்தால், கடல் கடந்து சென்ற இடத்திலும் முன்னோர்க்குரிய கடன் நாள் தவறாமல் நிறைவேறும்.